காட்டுல வழி தவறினா பண்ணக்கூடாத தப்புகள்: பூடான்ல பாடம் எடுத்த அனுபவத்துல இருந்து

சனி ஞாயிறு ஆனா போடிமெட்டு ரோட்டுல பைக் சத்தம் நிக்கறதில்ல, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலைன்னு எல்லாரும் மேல ஏறுறாங்க, ஏறட்டும், நம்ம மலைய நாம பாக்காம வேற யாரு பாக்கறது. ஆனா முக்கால்வாசி பேரு கையில அரை லிட்டர் தண்ணி பாட்டிலும் ஒரு போனும் தவிர ஒன்னுமே இருக்காது, அத பாக்கும்போதெல்லாம் எனக்கு பதறுது. அதுக்காகத் தான் இத எழுதறேன்.

நான் ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆகி தேனி மாவட்டம் போடியில இருக்கேன். சர்வீஸ்ல கொஞ்ச காலம் பூடான்ல உஸ்தாத்தா, அதாவது ட்ரெயினிங் குடுக்கற வாத்தியாரா இருந்தேன். நம்ம ராணுவ ட்ரெயினிங் டீம் ஒன்னு 1962ல இருந்து அங்க இருக்கு, ஹா பள்ளத்தாக்குல, கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரத்துல. காட்டுல தனியா மாட்டினா உயிரோட எப்படி திரும்பறதுன்னு சொல்லிக் குடுக்கறது தான் என் வேலை. அங்க ட்ரெயினிங்குக்கு வந்த பூடான் பசங்க மலையில பொறந்து வளந்தவங்க, ஏறி இறங்கறதுல நமக்கே பாடம் எடுப்பாங்க, அப்படிப்பட்டவங்களே சில தப்புகள திரும்பத் திரும்ப பண்ணுவாங்க, அதே தப்புகள் தான் இங்கயும் நடக்குது.

பெரிய தப்பு எதுன்னு கேட்டா, வழி தவறிடுச்சுன்னு தெரிஞ்ச அப்புறமும் நடக்கறது. மனசுல பயம் வந்த உடனே கால் தானா வேகம் எடுக்கும், இன்னும் கொஞ்சம் போனா ரோடு வந்துரும்னு தோணும். வெயிலும் நிலாவும் தெரியாத மூடுபனியில மனுஷன் நேரா போறதா நெனச்சுக்கிட்டே வளைஞ்சு வளைஞ்சு தான் நடப்பான், ஹாவுல பைன் காட்டுக்குள்ள பனி இறங்கினா இத கண்ணால பாக்கலாம், போன ஆளு கொஞ்ச நேரம் கழிச்சு தன்னோட ஷூ தடத்து மேலயே வந்து நிப்பான். கணக்கு போட்டு பாருங்க, நீங்க கடைசியா பாதை தெரிஞ்ச இடத்துல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள இருந்தா தேடுறவங்களுக்கு 3 சதுர கிலோமீட்டர் தான் வேலை, நீங்க 3 கிலோமீட்டர் தள்ளி போயிட்டா அது 28 சதுர கிலோமீட்டர் ஆயிடும், நம்ம சோலைக்காட்டுல அது எத்தன நாள் வேலைன்னு யோசிங்க. அதனால வழி தெரியலன்னா உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க, ஷூ லேஸ கழட்டி திரும்ப பொறுமையா கட்டுங்க. பசங்களுக்கு நான் முதல்ல சொல்லிக் குடுத்ததே இந்த லேஸ் கட்டறது தான், கைக்கு வேலை குடுத்தா மூளை அடங்கும், அப்புறம் சுத்தி பாத்து முடிவெடுக்கலாம். கடைசியா பாதை இருந்த இடம் உறுதியா தெரிஞ்சா, அதுவும் பக்கத்துலயே இருந்தா மட்டும் திரும்பிப் போங்க, இல்லன்னா அங்கயே இருங்க.

அடுத்தது ஓடைய புடிச்சு இறங்கினா ஊர் வந்துரும்ங்கற நம்பிக்கை. இது எல்லா மலைக்கும் பொருந்தாது, அதுவும் நம்ம பக்கம் பொருந்தவே பொருந்தாது. கேரளா பக்கம் மலை படிப்படியா இறங்குது, நம்ம போடி, கம்பம் பக்கம் செங்குத்தா விழுது. ஓடை போற வழியில நீங்க போனா முதல்ல வழுக்குப்பாறை, அப்புறம் அருவி, அருவி தலையில நின்னுக்கிட்டு கீழயும் போக முடியாம மேலயும் ஏற முடியாம மாட்டுவீங்க, தண்ணி சத்தத்துல நீங்க கத்தறது யாருக்கும் கேக்காது. யானையும் காட்டுமாடும் சாயங்காலம் வர்ற இடமும் அது தான். ராத்திரி தங்கணும்னா ஓடைய விட்டு நல்லா தள்ளி, யானைத்தடமா தெரியற அகலப்பாதையில இல்லாம, மேடான இடத்துல தங்குங்க. 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை கம்பம் டவுன் தெருவுலயே வந்து நின்னத நாம எல்லாம் பாத்தோம், காட்டுக்குள்ள அதோட பாதையில நாம படுக்கலாமா.

இப்ப குளிர், இத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம ஊரு ஆளுங்க இத ஆபத்தாவே எடுத்துக்கறதில்ல. ஐஸ் இருக்கற நாட்டுல தான் குளிருல சாவாங்கன்னு நெனக்கறாங்க. உடம்பு சூடு 35 டிகிரிக்கு கீழ போனாலே ஆபத்து ஆரம்பிச்சாச்சு, அதுக்கு ஐஸ் வேண்டாம், வெளிய 10 டிகிரியும் நனைஞ்ச சட்டையும் காத்தும் போதும். உயரம் 1,000 மீட்டர் ஏறினா சுமாரா ஆறு ஆறரை டிகிரி குறையும், போடி இருக்கறது 350 மீட்டர்ல, கொழுக்குமலை 2,000 மீட்டருக்கும் மேல, அப்ப கீழ ராத்திரி 22 டிகிரின்னா மேல 11, 12 தான், அதுல மழையும் சேந்தா என்ன ஆகும். கேரளா மழை ஜூன்லயும் நம்ம மழை அக்டோபர்லயும் வரும், மலை உச்சிக்கு ரெண்டுமே வரும். இன்னொன்னு, நம்ம சைடு கிழக்கு சரிவு, சூரியன் மலைக்கு பின்னாடி போயிடும், காலண்டர்ல அஸ்தமனம் ஆறரைன்னு போட்டிருந்தாலும் சரிவுல அதுக்கு ரொம்ப முன்னாடியே வெளிச்சம் குறைஞ்சுரும். மதியம் ரெண்டு மணிக்கு மேல புதுசா எந்த ஏத்தமும் ஆரம்பிக்காதீங்க.

குளிருல பண்ற தப்புகள் நெறைய. காட்டன் பனியன், ஜீன்ஸ் போட்டு நனையறது, நனைஞ்ச பருத்தி காயவே காயாது, உடம்பு சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும். கம்பளி நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு தரும். வெறும் தரையில படுக்கறது அடுத்தது, காத்த விட தரை தான் சூட்ட அதிகமா இழுக்கும், காஞ்ச சருகும் செடியும் ஒரு முழம் உயரத்துக்கு போட்டு அது மேல உக்காருங்க, மேல போத்திக்க ஒன்னும் இல்லன்னா கூட பரவால்ல, கீழ போடுங்க. பெரிய கருப்பு குப்பைப் பை ரெண்ட முதுகுப்பைக்குள்ள மடிச்சு வெச்சா எடையே இருக்காது, அதுல முகம் வெளிய இருக்கற மாதிரி ஓட்டை போட்டு மாட்டினா மழையும் காத்தும் உள்ள வராது, உயிர காப்பாத்தற சாமான்ல இத விட விலை கம்மியா நான் எதையும் பாக்கல. அப்புறம் சரக்கு. குளிருக்கு பிராந்தி நல்லதுன்னு சொல்லி சொல்லியே எத்தன பேர கெடுத்துட்டாங்க. குடிச்சா தோல் பக்கம் ரத்தம் ஓடி சூடா இருக்கற மாதிரி தெரியும், நெசத்துல உள்ள இருக்கற சூடு வெளிய போயிட்டு இருக்கு. கூட வந்தவன் நடுங்கி, வாய் குழறி, தடுமாற ஆரம்பிச்சா அவன நடக்க வைக்காதீங்க, ஈரத்துணிய மாத்தி நெஞ்சு, அக்குள் பக்கம் சூடு குடுங்க, கை கால தேய்க்காதீங்க. நடுக்கம் தானா நின்னு ஆளு மந்தமாயிட்டா அது சரியாகற அறிகுறி இல்ல, ரொம்ப மோசமான கட்டம்.

தீ பத்தி பேசாம நம்ம ஊருல எதையும் முடிக்க முடியாது. 2018 மார்ச் 11, போடிக்கு மேல குரங்கணி மலையில காட்டுத்தீ. மலையேறப் போனவங்கள்ல 20 பேருக்கு மேல செத்துப் போயிட்டாங்க, முக்கால்வாசி சின்ன வயசு. அவங்கள ஒரு வார்த்த குறை சொல்ல எனக்கு மனசு வராது, அந்த இடத்துல யாரா இருந்தாலும் திணறி தான் இருப்பாங்க. ஆனா இனிமே போறவங்க தெரிஞ்சுக்கணும், தீ மேல்நோக்கி தான் வேகமா ஏறும், சரிவு 10 டிகிரி கூடினா வேகம் ரெண்டு மடங்கு ஆகும்னு ஒரு கணக்கு இருக்கு, அதனால தீக்கு மேல சரிவுல ஓடி ஜெயிக்க முடியாது. பக்கவாட்டுல விலகுங்க, வெறும் பாறை, ஏற்கனவே எரிஞ்சு அணைஞ்ச இடம், ரோடு இதுல எது கிட்டக்க இருக்கோ அங்க போங்க. காஞ்ச புல்லு உசரமா நிக்கற இடத்துலயும் மேல போற பள்ளத்துலயும் ஒளியாதீங்க, பள்ளம் புகைக்கூண்டு மாதிரி தீய இழுக்கும். பாலியஸ்டர் துணி உருகி தோல்ல ஒட்டும், தீ சீசன்ல அத போட்டுட்டு போகாதீங்க. பிப்ரவரில இருந்து மழை வர வரைக்கும் வனத்துறை பாதைய மூடினா அத மதிங்க, சுத்துவழில ஏறாதீங்க.

பாம்பு கடிச்சா கீறாதீங்க, வாய வெச்சு உறிஞ்சாதீங்க, கயிறு போட்டு இறுக்கி கட்டாதீங்க. கடிபட்ட கால அசைக்காம வெச்சு ஆள தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, 108 ரெண்டு ஸ்டேட்லயும் வரும். நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கு தான், மேற்குத்தொடர்ச்சி மலையில இருக்கற குழிவிரியன் வகைகளுக்கு அது வேலை செய்யறதில்ல, அதனால கடிச்சத தூரத்துல இருந்து ஒரு போட்டோ முடிஞ்சா எடுங்க, புடிக்கவோ அடிக்கவோ போகாதீங்க. அட்டைய பிச்சு இழுக்காதீங்க, அதோட வாய் ஒட்டியிருக்கற பக்கம் நகத்த விட்டு தள்ளி எடுங்க, ரத்தம் கொஞ்ச நேரம் வழியும், பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அலையாதீங்க. சாப்பிடாம மனுஷன் வாரக்கணக்குல இருப்பான், தெரியாத பழம், காளான் வாயில வெச்சா உயிரே போகலாம். தண்ணி அப்படி இல்ல, மூணு நாள் தான் தாங்கும், அதனால பாட்டில்ல இருக்கறத மிச்சம் பிடிக்காதீங்க, தாகம் எடுத்தா குடிங்க, தண்ணி உடம்புக்குள்ள இருந்தா தான் பிரயோஜனம். ஓடைத்தண்ணி தெளிவா இருந்தாலும் கொதிக்க வெச்சு குடிங்க, எலிக்காய்ச்சல் கேரளா பக்கம் எவ்வளவுன்னு அங்க வேலைக்கு போறவங்களுக்கு தெரியும். ஆனா கொதிக்க வெக்க வழியே இல்ல, தலை சுத்துதுன்னா அப்படியே குடிங்க, காய்ச்சலுக்கு ஊருக்கு வந்து வைத்தியம் பாத்துக்கலாம்.

போன டார்ச்சா யூஸ் பண்ணி சார்ஜ தீத்துடாதீங்க, தனி டார்ச் ஒன்னு வாங்குங்க. எல்லையில தமிழ்நாடு டவரும் கேரளா டவரும் மாறி மாறி தேடி பேட்டரி வேகமா இறங்கும், ஏரோப்ளேன் மோட்ல போட்டு வெச்சு நேரம் பாத்து மட்டும் ஆன் பண்ணுங்க. போன் கால் போகலன்னாலும் மெசேஜ் சில சமயம் போகும், 112 உங்க சிம்முக்கு சிக்னல் இல்லன்னாலும் வேற கம்பெனி டவர் இருந்தா போகும். வீட்டுல எந்த பாதை, எத்தன மணிக்கு திரும்புவோம், எத்தன மணிக்கு மேல ஆனா யாருக்கு சொல்லணும்னு எழுதிக் குடுத்துட்டு போங்க.

கழுத்துல ஒரு விசில் கட்டிக்கோங்க. தொண்டை சீக்கிரம் கட்டிக்கும், விசில் கட்டாது. மூணு தடவ ஊதி, ஒரு நிமிஷம் விட்டு, திரும்ப மூணு ஊதுங்க, உதவி வேணும்னு அர்த்தம். பதில் சத்தம் கேட்டா அந்த திசைக்கு ஓடாதீங்க, மலையில எதிரொலி ஏமாத்தும், இருக்கற இடத்துலயே நின்னு ஊதிக்கிட்டே இருங்க, அவங்க வருவாங்க.