குளிசை செய்யும் வேலையா, வருத்தமா? வார்ட்டுக்குப் புதிதாக வரும் தாதிய மாணவர்களுக்கு

மட்டக்களப்பில் பயிற்சிக்கு வந்த புதிதில் எல்லாக் கட்டிலிலும் ஒரே கேள்விதான் கேட்பேன். "ஏதும் கஷ்டமா அம்மா?" பதிலும் ஒன்றுதான்: "ஒண்டுமில்ல மனே." அதையே எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் படும் கஷ்டம் வருத்தத்தாலா, போடும் குளிசையின் பக்கவிளைவாலா என்று அறிய இப்படிக் கேட்கக் கூடாது.

முதலில், அவர் சொன்ன சொல்லைத் தோண்டுங்கள். "தலை சுத்துது" என்றால் வீடே சுழலுதா, எழும்பும்போது கண் இருட்டுதா, கைகால் சோருதா? மூன்றும் வேறு வேறு.

அடுத்தது நேரம். எப்போது தொடங்கியது, கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு, புதிதாக எதைத் தொடங்கினார்கள், அளவு கூட்டினார்களா, சாப்பிட்டாரா? இதில் அவசரப்படாதீர்கள்.

படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் கிளினிக்குக்கு வந்த ஒரு ஐயா, வாங்கிலில் இருந்தபடியே வியர்த்துக்கொட்டினார். வெயில் என்றுதான் நினைத்தோம். "என்ன சாப்பிட்டீங்க ஐயா?" "வெறும் வயித்தில ரத்தம் குடுக்கணுமே மகள். குளிசைய மட்டும் விடல்ல." கிளிக்லசைட்! சீனியைக் குறைக்கும் குளிசை, சாப்பிடாமல் போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். விரலில் குத்திப் பார்த்தால் 52. இரத்தச் சீனி டெசிலீட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போய், ஆள் நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். மயக்கமாக இருந்தால் வாயால் எதுவும் வேண்டாம், உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் புரொப்ரனலோல் போடுபவருக்குச் சீனி இறங்கினாலும் கைநடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வையைப் பாருங்கள்.

எழும்பும்போது கண் இருட்டினால் பிரஷரை அளந்து பாருங்கள். 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நின்றபின் 1, 3 நிமிடங்களில் மறுபடி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அறிவியுங்கள். பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள், விழுந்துவிடுவார்.

மற்றவை சுருக்கமாக: பிரஷருக்கு எனலப்ரில் போடுபவருக்கு வறட்டு இருமல் வரலாம், மாதங்கள் கழித்தும் வரும். இன்னொரு பிரஷர் குளிசையான அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கும். சீனிக் குளிசையான மெட்போமினுக்கு வயிற்றோட்டம் வரலாம்; சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். எனலப்ரிலில் உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. எதையும் நிறுத்தச் சொல்வது நம் வேலையல்ல.

அப்புறம், மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு உறையில் இருக்கும். சீனியைக் குறைக்கக் குடிக்கும் பாகற்காய்ச் சாற்றை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, தனியாகக் கேட்க வேண்டும்.

ஐயாவுக்கு எழுதிய குறிப்பு இது: "காலை 7.40. 'தலை சுத்துது' என்கிறார். வியர்வை, கைநடுக்கம். 5.30க்கு கிளிக்லசைட், உணவில்லை. சீனி 52. சீனித்தண்ணீர் கொடுத்தது. டொக்டருக்கு அறிவித்தது. 7.55: 84."