கோபுரம் சாய்ந்த பிறகு வானொலியை எழுப்புவது எப்படி

2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயலில் எங்கள் சமுதாய வானொலியின் கோபுரம் மடிந்து விழுந்தது. அன்று கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஆன்டெனா இல்லாமல் ஓட்டினால், அனுப்பிய சக்தி திரும்பி வந்து பவர் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். அதைக் காப்பாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள். உறை கிழிந்த இடத்தில் கத்தி வைத்தேன்; செம்பு வலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நனைந்த நீளத்தை வெட்டி எறியுங்கள், காயவைத்துப் பயன்படுத்த ஆசைப்படாதீர்கள்.

மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு, மூன்று திசையிலும் கம்பி இழுத்துக் கட்டுங்கள். உச்சியில் டைபோல், அதாவது நடுவில் பிரிந்த இரண்டு குழாய்த் துண்டுகளாலான எளிய ஆன்டெனா. 90.4 மெகாஹெர்ட்ஸுக்கு முனைக்கு முனை சுமார் 1.58 மீட்டர் அலுமினியக் குழாய் போதும். குறைந்த வாட்டில் தொடங்கி, சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.5-க்குள் நின்றால் மட்டும் வாட்டை ஏற்றுங்கள்.

ஆன்டெனாவின் உயரம் 30 மீட்டரிலிருந்து 10 ஆனால், அலையின் தொடுவானம், அதாவது அலை எட்டும் எல்லை, ஏறக்குறைய 22 கிலோமீட்டரிலிருந்து 13-க்குச் சுருங்கும். விடுபட்ட ஊர்களுக்குச் செய்தியை எழுதி, ஒலிபெருக்கியோடு ஆட்டோவில் ஆள் அனுப்புங்கள். தண்ணீர் லாரி வரும் நேரம்தான் அங்கே முதலில் போகவேண்டிய செய்தி.