பாதத்தைத் தூக்கும் மின்தூண்டல்: எலெக்ட்ரோடை எங்கே ஒட்டுவது?

பக்கவாதம் வந்தவர் நடக்கும்போது பாதம் தொங்கி, விரல் நுனி தரையில் உரசும். இதற்கு 1961-இல் லிபர்சன் என்ற மருத்துவரின் குழு ஒரு வழி காட்டியது: குதிகால் எழும்போது ஷூவுக்குள் இருக்கும் சுவிட்ச் நரம்பைத் தூண்டும், பாதம் மேலே மடங்கும். அடிப்படை இன்றும் அதுதான்.

மூளையிலோ தண்டுவடத்திலோ பாதிப்பு இருந்தால்தான் இது பயன்படும். போலியோவிலோ விபத்திலோ தசைக்குப் போகும் நரம்பே போய்விட்டால், மின்சாரத்தை எவ்வளவு கூட்டினாலும் தோல்தான் எரியும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எலெக்ட்ரோடை (கரண்டைச் செலுத்தும் ஒட்டுப்பட்டையை) ஒட்டவே கூடாது. முதல்முறை கருவியைப் பொருத்தும்போது பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உட்காரவைத்து, பாதம் தொங்கும்படி விடுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறம் கொட்டை போல ஓர் எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் பின்தள்ளி நெகட்டிவ் எலெக்ட்ரோட். பாசிட்டிவ் எலெக்ட்ரோட் முழங்காலுக்குக் கீழே, காலின் முன்புற வெளிப்பக்கத் தசைமேல். இரண்டும் 5 செ.மீ. சதுரம். எண்ணெய் தடவிய காலில் ஒட்டாது; ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். துடிப்பு வேகத்தை 40 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு துடிப்பின் நீளத்தை 300 மைக்ரோ வினாடி என வைத்து, கரண்டைப் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு மில்லி ஆம்பியராக ஏற்றுங்கள்.

இனி பாதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். சுண்டுவிரல் பக்கம் அதிகம் தூக்கி, உள்ளங்கால் வெளியே திரும்பினால் நெகட்டிவை அரை செ.மீ. முன்னே நகர்த்துங்கள். உள்ளே திரும்பினால் பின்னே. அந்த அரை செ.மீ. பெரிய வித்தியாசம். சரியான இடம் கிடைத்ததும் பேனாவால் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். பிறகு நிற்கவைத்தும் பாருங்கள்: முழங்கால் நீளும்போது தோல் நகர்ந்து, உட்கார்ந்திருக்கையில் கிடைத்த அசைவு மாறிவிடும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

குதிகால் ஊன்றிய கணமே கரண்ட் நின்றால் பாதம் பட்டென்று தரையில் அறையும். நிறுத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக்குங்கள். கெண்டைக்கால் இறுகியவருக்குக் கரண்ட் சட்டென ஏறினால் இறுக்கம் கூடும். ஏறும் நேரத்தை நீட்டுங்கள்.

முதல் வாரம் நாளுக்கு 10–15 நிமிடம் போதும். மின்தூண்டலில் தசையின் இழைகள் முறைவைத்து ஓய்வெடுக்காமல் எல்லாம் ஒன்றாக இழுப்பதால் சீக்கிரம் களைத்துவிடும். நடுவில் முள் குத்துவது போலச் சுரீரென்றால், ஜெல் காய்ந்து எலெக்ட்ரோடின் ஓரம் தூக்கியிருக்கும். கரண்டைக் குறைத்துச் சமாளிக்காமல் எலெக்ட்ரோடையே மாற்றுங்கள்.