கில் கொடுத்தும் போகாத மைஎஸ்கியூஎல் இணைப்புகள்

பாம்பன், மண்டபம், தொண்டி இறங்குதளங்களிலிருந்து மொபைல் இணையம் வழியாக ராமநாதபுரத்தில் உள்ள ஒரே மைஎஸ்கியூஎல் தரவுத்தள சர்வரில் மீன் ஏலக் கணக்கைப் பதியும் அமைப்பு ஒன்று திடீரென நின்றுபோனால், காத்திருக்கும் இணைப்புகளைத் துண்டிப்பதில் பயனில்லை. அட்டவணையின் வரிசைகளைப் பூட்டி அவற்றை மறித்து நிற்கும் இணைப்பையே முதலில் தேட வேண்டும். சிஸ் தரவுத்தளத்தின் இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ் வியூவில் (பூட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில்), பிளாக்கிங்_பிஐடி என்ற நெடுவரிசை அதன் எண்ணைத் தரும்.

ஷோ ப்ராசஸ்லிஸ்ட் கட்டளை தரும் இணைப்புப் பட்டியலில் அந்த எண் ‘ஸ்லீப்’ (வேலையின்றி இருப்பது) என்றிருந்தால், அது பெரும்பாலும் கமிட் (மாற்றங்களை உறுதிசெய்வது) ஆவதற்குள் சிக்னல் போய்விட்ட கணினியின் இணைப்பாக இருக்கும். வேலையின்றி இருக்கும் இணைப்பை சர்வர் தானே துண்டிக்கும்வரையான நேரமான வெயிட்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம் என்பதால், ஏலம் முடிந்து மீன் லாரி ஏறிய பின்னும் பூட்டு விலகாமல் இருக்கக்கூடும். இதற்கு இணைப்பைத் துண்டிக்கும் கில் கட்டளை ஒன்று போதும்.

கில் கொடுத்த பிறகும் ‘கில்டு’ என்றே நிற்கும் இணைப்புதான் பொறுமையைச் சோதிப்பது. கில் ஒரு குறியை மட்டுமே வைக்கிறது. அதைக் கண்ட இணைப்பு, அதுவரை மாற்றிய ஒவ்வொரு வரிசையையும் பழைய நிலைக்குத் திருப்பிய பின்னரே வெளியேறும். ஒரு பருவத்தின் பதிவுகள் முழுவதையும், மொத்தமாக ஏற்கப்படும் அல்லது மொத்தமாக ரத்தாகும் ஒரே டிரான்சாக்‌ஷனில் திருத்தியிருந்தால், திருத்த ஆன நேரத்தைவிடத் திருப்புவதற்கு அதிக நேரம் ஆகலாம். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவின் இன்னோடிபி_டிஆர்எக்ஸ் அட்டவணையில் நிலை ‘ரோலிங் பேக்’ (திருப்பிக்கொண்டிருக்கிறது) என்றிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய வரிசைகளைக் காட்டும் டிஆர்எக்ஸ்_ரோஸ்_மாடிஃபைடு எண்ணை ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை குறித்துக்கொண்டால், அது குறையும் வேகத்திலிருந்து மீதி நேரத்தைக் கணக்கிடலாம்.

எண் குறைந்துகொண்டிருக்கும்வரை சர்வரை வலிந்து நிறுத்தாதீர்கள். மறுபடி எழும்போதும் மீதி வேலையை அது செய்தே தீரும். அதுவரை அந்த வரிசைகளின் பூட்டும் நீடிக்கும். இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி அமைப்பை 3 ஆக்கி, திருப்பும் வேலையிலிருந்து தப்பிக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்க மாட்டேன், ஏனெனில் அது பாதி மாறிய கணக்கை அப்படியே விட்டுவிடும்.

அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை ‘வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்’ (அட்டவணை அமைப்பின் பூட்டுக்காகக் காத்திருக்கிறது) என்று நிற்பது வேறு சிக்கல். அதன் பின்னால் வரும் தரவை வாசிக்க மட்டுமே செய்யும் சாதாரண செலக்ட்டுகளும் வரிசையில் சேர்ந்து நின்றுவிடும். சிஸ்.ஸ்கீமா_டேபிள்_லாக்_வெயிட்ஸ் வியூ அதை மறிப்பவரைக் காட்டும். இந்தப் பூட்டுக்குக் காத்திருக்கும் உச்ச நேரமான லாக்_வெயிட்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 3,15,36,000 வினாடி, ஏறத்தாழ ஓர் ஆண்டு. விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் இத்தகைய மாற்றங்களுக்கு ஏற்றது. அப்போதும் நாட்டுப்படகுகளின் மீன்வரவு தொடரும் என்பதால், ஆல்டரை ஓட்டும் செஷனில் (இணைப்பில்) லாக்_வெயிட்_டைம்அவுட்டை 5 வினாடியாகக் குறைத்த பிறகே ஆல்டரை ஓட்டுங்கள்.