ஒட்டி வெட்டும் நேரத்துக்கு ஒரு பழைய பெட்ஷீட்

பிள்ளைகள் கத்தரிக்கோலும் பசையும் எடுத்தாலே, அப்புறம் யார் பெருக்குவது என்ற கவலை நமக்கு வந்துவிடும். பழைய பெட்ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து, அதற்குள்ளேயே உட்கார்ந்து ஒட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் பென்சில், பசை மூடிகளைப் பொறுக்கிவிட்டு, நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் உதறினால் சரி.

ஜிகினாத் தூள் மட்டும் துடைப்பத்துக்கு அடங்காது. பெருக்கப் பெருக்கப் பரவும். செலோ டேப்பை, ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி விரல்களில் சுற்றி ஒற்றி எடுங்கள். இதைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம். என் வீட்டில் யார் ஒற்றுவது என்றுதான் இப்போது சண்டையே.

துணியில் பட்ட வெள்ளைப் பசையைக் காய்வதற்குள் அலசிவிடுங்கள். காய்ந்துவிட்டதா? வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பெரும்பாலும் உரிந்து வந்துவிடும்.