குருவாயூருக்குக் குடும்பத்தோடு: நடை திறப்பை வைத்துத் திட்டம் போடுங்கள்

குருவாயூர் போய்வந்த குடும்பங்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், நடை சாத்திவிட்டார்கள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம், பாட்டிக்கு மயக்கம் வந்துவிட்டது. குழந்தையை உள்ளே விடவில்லை. இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். கோயிலின் அன்றாடப் பூஜை முறையைத் தெரிந்துகொள்ளாமல் பயணத்துக்கு நேரம் குறிப்பது. அதனால் முதலில் நடையைப் பார்ப்போம், டிக்கெட் பிறகு.

அதிகாலை 3 மணிக்கு நடை திறக்கிறது. முந்தைய இரவு சார்த்திய மாலைகளோடும் சந்தனத்தோடும் சுவாமி இருக்கும் அந்தக் காட்சிதான் நிர்மால்யம். சுமார் 20 நிமிடம். அதன்பின் தைலாபிஷேகம், வாகைப் பொடி தேய்த்து நீராட்டும் வாகச்சார்த்து, சங்காபிஷேகம், மலர் நிவேத்தியம், அலங்காரம், உஷ பூஜை என்று வரிசையாக நடக்கும். யானை மேல் சுவாமி வலம் வரும் காலைச் சீவேலி முடிந்து, ஏழேகால் மணிவாக்கில் பந்தீரடி பூஜைக்கான கிரமங்கள் தொடங்கும். மனிதனின் நிழல் பன்னிரண்டு அடி நீளம் விழும் பொழுது என்பதால் அந்தப் பெயர். நண்பகல் பூஜையான உச்ச பூஜை பதினொன்றரைக்கு மேல். ஒன்றரை, இரண்டு மணிக்குள் நடை சாத்தினால் மாலை நாலரை மணி அளவில்தான் திறப்பார்கள். சபரிமலை விரத நாட்களான மண்டல காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகவே திறந்துவிடுவது வழக்கம். ஆறு மணிக்கு மேல் தீபாராதனை, ஏழரைக்கு இரவுப் பூஜையான அத்தாழ பூஜை, பிறகு அத்தாழச் சீவேலி, ஒன்பது மணிக்குத் திருப்புகை. அதோடு நடை அடைப்பு.

கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு பூஜைக்கும் நிவேத்தியத்துக்கும் சன்னதிக் கதவைச் சாத்துவார்கள். அந்த நேரமெல்லாம் வரிசை அசையாது. உதயாஸ்தமன பூஜை நடக்கும் நாட்களில் விடியலிலிருந்து இரவு வரை பூஜைகள் அடுக்கடுக்காக வருவதால் கதவு அடிக்கடி சாத்தப்படும். கூட்டம் குறைவாகத் தெரிந்தாலும் அன்று காத்திருப்பு நீளும். அந்தத் தேதிகளைக் கோயில் நிர்வாகமான தேவஸ்வத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு தவிர்த்துவிடுங்கள்.

எந்த நாள்

சிறு குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் முகூர்த்தம் இல்லாத செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஆவணி மாதமான சிங்ஙத்தில் முகூர்த்த ஞாயிறு வந்தால் கிழக்கு நடை மண்டபங்களில் ஒரே நாளில் 200 திருமணங்களுக்கு மேல் நடப்பதுண்டு. தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். மலையாள மாதத்தின் முதல் தேதியும் நெரிசல்தான்.

தமிழ்நாட்டுக் காலண்டரை நம்பிப் போகிறவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். குருவாயூர் ஏகாதசி என்பது நம் வைகுண்ட ஏகாதசி அல்ல. விருச்சிக மாத வளர்பிறை ஏகாதசி, அதாவது பெரும்பாலும் நவம்பர் பின்பாதியிலோ டிசம்பரிலோ வருவது. அதேபோல அங்கே அஷ்டமி ரோகிணி சிங்ஙத்தில்தான். சில வருடங்களில் நாம் கொண்டாடும் கோகுலாஷ்டமிக்கு ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகும். மலையாளக் காலண்டர் ஒன்றைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டில் ஈடுபாடுள்ள குடும்பம் என்றால் ஏகாதசிக்கு முந்தைய இரண்டு வாரம் நடக்கும் செம்பை சங்கீதோற்சவத்தையும் சேர்த்துத் திட்டமிடலாம். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத் தகுந்த காரணம் அது.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து குருவாயூருக்கே நேரடி ரயில் உண்டு. ஆனால் அது திருச்சி, மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று சுற்றி வருவது. கிட்டத்தட்ட ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். மதுரை, நெல்லைக்காரர்களுக்கு அது வசதி. சென்னை, சேலம், ஈரோடு பக்கம் இருப்பவர்கள் பாலக்காடு வழியாகப் போகும் இரவு ரயிலில் திருச்சூரில் இறங்குவதே மேல். அங்கிருந்து குருவாயூர் 30 கிலோமீட்டருக்குள். ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே அரசுப் பேருந்து நிலையம் இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணம். கோவையிலிருந்து காரில் சுமார் 140 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் வருபவர்கள் வழக்கமாக விடியற்காலையில் கிளம்பி, பத்து மணிக்கு வந்து, தரிசனம் முடித்து, அன்றே திரும்பப் பார்ப்பார்கள். இது வேண்டாம். பத்து மணிக்கு வரிசையில் சேர்ந்தால் உச்ச பூஜைக் கதவடைப்பில் மாட்டுவீர்கள். வரிசை நீண்டிருந்தால் மாலை வரை காத்திருக்க நேரும். காலை பத்துக்குக் கிளம்பி இரண்டு மணிக்குச் சேருங்கள். கோயில் சாத்தியிருக்கும் நேரம், உங்களுக்கு ஓய்வு. குளித்து, நாலரைக்குத் தயாராகி, மாலையில் ஒரு தரிசனம். இரவு தங்கி, மறுநாள் காலையில் வழிபாடுகள். மதியத்துக்குள் ஊரை விட்டுக் கிளம்பலாம்.

தங்குவதற்குத் தேவஸ்வத்தின் பாஞ்சஜன்யம், கௌஸ்துபம் விடுதிகளுக்கு முதலில் முயற்சி செய்யுங்கள். கிடைக்காவிட்டால் கிழக்கு நடையிலோ தெற்கு நடையிலோ நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள். நிர்மால்யத்துக்காக அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து ஈரத்தலையோடு ஆட்டோ தேடும் நிலை வரக்கூடாது.

உடையும் கைப்பொருளும்

ஆண்களுக்கு வேட்டி மட்டும். மேலே சட்டையோ பனியனோ கூடாது. சிறுவர்களுக்கும் இதேதான். ஐந்து வயதுப் பையனுக்கு ஒட்டுவேட்டி வாங்கி, வீட்டிலேயே ஒருநாள் கட்டிப் பழக்கிவிடுங்கள். பெண்களுக்குப் புடவை, பாவாடை தாவணி, சுடிதார் எல்லாம் சரி. இந்துக்கள் மட்டுமே உள்ளே செல்லலாம் என்பது கோயில் விதி. கலப்புக் குடும்பமாக வருபவர்கள் இதை முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

செல்போன், கேமரா, ஸ்மார்ட் வாட்ச் எதுவும் உள்ளே போகாது. அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். போன் ஒப்படைக்கும் கவுன்ட்டரில் தனி வரிசை. கையில் போன் இல்லாததால் குடும்பம் பிரிந்துபோவதுதான் உண்மையான ஆபத்து. ஆண்கள், பெண்கள் ஒரே நேரத்தில் வெளியே வரமாட்டார்கள். சந்திக்கும் இடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கிழக்கு நடையின் மஞ்சுளால் என்னும் ஆலமரம் யாரைக் கேட்டாலும் தெரியும். குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் பெற்றோரின் எண்ணும் எழுதிய சீட்டு வைக்க முடியாது, சட்டையே இல்லையே. இடுப்புக் கயிற்றிலோ வேட்டி முடிச்சிலோ கட்டிவிடுங்கள்.

இடுப்பில் ஒரு சிறு பை: கொஞ்சம் சில்லறை, ஆதார் அசல், மாத்திரைகள், சர்க்கரை நோயாளிகளுக்கு நாலு பிஸ்கட். கையில் ஒரு நாராயணீயப் புத்தகம். வரிசையில் நிற்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் போன் இல்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் அதுதான். மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி இதே சன்னதியில் அமர்ந்து பாடிய நூறு தசகங்களில் கடைசி தசகம் சுவாமியைக் கேசம் முதல் பாதம் வரை வர்ணிப்பது. அதைப் படித்துவிட்டுப் போனால் உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்.

வரிசையும் தரிசனமும்

நிர்மால்யம் காண நள்ளிரவிலேயே வரிசை தொடங்கிவிடும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் முழங்கால் வலியுள்ளவர்களையும் இதில் நிறுத்தாதீர்கள். பெரியவர்களில் இருவர் நிர்மால்யத்துக்குப் போகட்டும். மற்றவர்கள் ஆறு மணிக்கு மேல் வரட்டும். 60 வயது கடந்தவர்களுக்குக் காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரத்தில் தனி வரிசை உண்டு. வயதுச் சான்று அசலாகக் கையில் இருக்க வேண்டும். துணைக்கு ஆளை விடுவது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. ஸ்ரீகோவில் (கருவறை) நெய்விளக்கு வழிபாட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்கு நீண்ட வரிசை கிடையாது. ஒருவருக்கு, ஐவர் குழுவுக்கு என்று இருவகைச் சீட்டு. நிற்கவே முடியாதவர்கள் இருந்தால் இதை எடுங்கள். மற்றவர்களுக்குப் பொது வரிசையே போதும்.

கருவறையைச் சுற்றியுள்ள உள்மண்டபமான நாலம்பலத்துக்குள் நுழைந்தபின் எல்லாம் வேகமாக நடக்கும். ஸ்ரீகோவிலுக்கு நேர் எதிரே நிற்கக் கிடைப்பது சில நொடிகள்தான். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே மூடினால் திறக்கும்போது சன்னதி கடந்து போயிருக்கும். கண்ணைத் திறந்தே வையுங்கள். குழந்தைகளை நமஸ்கார மண்டபத்தை நெருங்கும்போதே தூக்கிக்கொள்ளுங்கள். சங்கு, சக்கரம், கதை, தாமரை ஏந்திய நான்கு கைத் திருமேனி. விடியற்காலையில் நீராட்டு, பின்னர் சின்னக் கண்ணன், உச்ச பூஜையில் சந்தனக் களபம் சார்த்தி ஏதாவதொரு லீலைக் கோலம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று இரண்டு தரிசனம் செய்யச் சொல்வது இதற்காகத்தான். ஒரே சுவாமியை இரண்டு கோலத்தில் பார்க்கலாம்.

தென்மேற்கு மூலையில் கணபதியைத் தொழுது, வெளிப் பிராகாரத்துக்கு வந்து தென்கிழக்கில் ஐயப்பன், வடக்குப் பக்கம் இடத்தரிகத்துக் காவு பகவதி. சீவேலி நேரமாக இருந்தால் ஓரமாக நின்று பாருங்கள். யானை மேல் சுவாமியின் உற்சவ உருவான திடம்பு வலம் வரும். வழியில் நிற்காதீர்கள், யானையைத் தொடவும் கூடாது.

கூட்டத்துக்குள் போக முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் கிழக்கு நடை தீபஸ்தம்பத்துக்கு அருகே நின்று பார்த்தால் நேர்க்கோட்டில் உள்ளே விளக்கொளி தெரியும். திரை விலகியிருந்தால் சுவாமியையும் தொழலாம்.

சோறூணும் துலாபாரமும்

குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டும் சோறூணுக்கு எதுவும் கொண்டுபோக வேண்டியதில்லை. சீட்டு எடுத்தால் இலையில் சோறு, பாயசம் எல்லாம் அவர்களே தருவார்கள். குழந்தைக்கு ஆறாம் மாதம் பிறந்திருக்க வேண்டும். சோறு ஊட்டியதும் நாலம்பலத்துக்குள் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். பச்சிளம் குழந்தை உள்ளே சிறுநீர் கழித்தாலோ வாந்தி எடுத்தாலோ புண்ணியாகம் என்னும் சுத்திச் சடங்கு செய்து முடிக்கும் வரை எல்லாருடைய தரிசனமும் நின்றுபோகும், அதனால்தான் கட்டுப்பாடு. குழந்தையை எந்த நேரத்தில் தொழ வைக்கலாம் என்று சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். பால் கொடுத்து ஒரு மணி நேரம் ஆனபின் சோறூணுக்கு உட்காரவையுங்கள்; வயிறு நிறைந்திருந்தால் துப்பிவிடும், ரொம்பப் பசித்திருந்தால் அழுது தீர்க்கும்.

துலாபாரத்துக்கும் பொருள் சுமந்து வர வேண்டாம். கதலிப்பழம், சர்க்கரை, வெல்லம், இளநீர், வெண்ணெய் எதுவானாலும் அங்கேயே வைத்து நிறுப்பார்கள். எடைக்கு ஏற்பக் கட்டணம். வேண்டுதல் வைக்கும்போதே யோசியுங்கள்: 70 கிலோ ஆளுக்கு வெண்ணெய் என்றால் 70 கிலோ வெண்ணெய்யின் விலை. சம்மணமிட்டு அசையாமல் உட்கார வேண்டும். பயப்படும் குழந்தைக்கு முன்னதாக வேறொருவர் அமர்வதைக் காட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் குன்றிமணி வாரும் உருளியில், அதாவது அகன்ற பாத்திரத்தில், கைவிட ஆசைப்படுவார்கள். அவர்களுக்கு நினைவில் நிற்கும் இடம் அது. பக்கத்திலேயே நில்லுங்கள். குன்றிமணியைக் கடித்து விழுங்கினால் கடும் விஷம்.

எல்லா வழிபாட்டுச் சீட்டுக்கும் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள், மலையாளப் பெயரில். மிருகசீரிடம் அங்கே மகயிரம்; பூசம் பூயம்; அஸ்தம் அத்தம்; சுவாதி சோதி; அனுஷம் அனிழம்; கேட்டை திருக்கேட்ட; பூரட்டாதி பூருருட்டாதி. குடும்பத்தார் எல்லாருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் கவுன்ட்டரில் தடுமாற வேண்டாம்.

பிரசாதம், பிறகு

பால்பாயசத்துக்கு முந்தைய நாள் மாலையே சீட்டு எடுத்துவிடுங்கள். காலையில் கேட்டால் பலநேரம் தீர்ந்திருக்கும். மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கு ஒன்று கையோடு இருக்கட்டும். பாயசத்தை அன்றே பகிர்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். கார் வெயிலில் கோவை போவதற்குள் புளித்துவிடும். ஊருக்கு எடுத்துப்போக அப்பம், அவல், சர்க்கரை, களபம். அபிஷேகம் செய்த ‘ஆடிய எண்ணெய்’யை மூட்டுவலிக்குத் தடவப் பாட்டிமார் விரும்பிக் கேட்பார்கள்; சிறு குப்பியில் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டித் துணிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

பிரசாத ஊட்டு என்னும் இலவச மதிய உணவுக்கு நேரம் இருந்தால் உட்காருங்கள். அதற்குமுன் மம்மியூர் மகாதேவரைத் தொழுதுவிட வேண்டும். நடந்துபோகும் தூரம்தான். மம்மியூரைத் தொழாமல் குருவாயூர் யாத்திரை நிறைவதில்லை என்பது அந்த ஊரின் நம்பிக்கை. அவசரத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். பிள்ளைகளுக்காகப் புன்னத்தூர்க் கோட்டை யானைக் கொட்டில், சுமார் மூன்று கிலோமீட்டர். பழைய அரண்மனை வளாகத்தில் தேவஸ்வத்தின் யானைகளைக் கட்டியிருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் போனால் யானைகள் குளிப்பதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். தண்ணீர்ப் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொண்டு, கட்டியிருக்கும் கயிற்றுக்கு இப்பாலேயே நில்லுங்கள்.