பலாலியில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை மீனம்பாக்கம் வந்துவிடும். இறங்கினால் எங்கே பார்த்தாலும் தமிழ், தெருமுனையில் பிள்ளையார், டீக்கடையில் தெரிந்த பாட்டு. "எங்கட ஊர் மாதிரித்தான் கிடக்கு" என்று மனம் சொல்லும். நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். வளசரவாக்கத்தில் எட்டு வருடம் இருந்த பிறகு, புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: இது வேறு நாடு. பாரிசுக்குப் போனால் எவ்வளவு கேட்டுக் கேட்டு நடப்பீர்களோ, அவ்வளவு இங்கேயும் கேட்க வேண்டும். மொழி ஒன்றாக இருப்பதாலேயே அது மறந்துபோகிறது.

மொழியிலேயே தொடங்குகிறேன். வந்த புதிதில் வீட்டுக்கார அம்மாவிடம் "திறப்பைத் தாங்கோ" என்றேன். "எந்தக் கடை திறப்பு தம்பி?" என்று கேட்டார். நான் கேட்டது சாவியை. வாடகையை ஒரு கிழமைக்குள் தருகிறேன் என்றபோது, "எந்தக் கிழமை, வெள்ளியா?" என்றார். நமக்குக் கிழமை என்றால் ஏழு நாள், இங்கே ஒரு நாள். "அம்மா பேசினவ" என்றால் நம் வீட்டில் திட்டு விழுந்தது என்று அர்த்தம். இங்கே அம்மா வெறுமனே பேசினார், அவ்வளவுதான்.

அதற்காக உங்கள் தமிழை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. உங்கள் சொல்லைச் சொல்லிவிட்டு, "இதை இங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் அந்த அம்மாவுக்கும் எனக்கும் அரை மணி நேரப் பேச்சு ஓடியது. அவர்களுடைய சாவியும் போர்த்துக்கீசச் சொல், சமையலறைக்கு நாம் சொல்லும் குசினியும் போர்த்துக்கீசச் சொல் என்று பிறகு தெரிந்துகொண்டபோது, யார் தமிழ் சுத்தம் என்ற பேச்சே எனக்கு விட்டுப்போயிற்று. சென்னைத் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அதில் அப்பாவைச் சொல்லும் நைனாவும், தொல்லையைச் சொல்லும் பேஜாரும், தெலுங்கும் உருதும் பேசுகிறவர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்த மக்களின் வாயில் வந்தவை.

பஸ்ஸில் இடது பக்க இருக்கைகள் பெண்களுக்கு. நம் ஊர் பஸ்ஸில் கலந்து உட்கார்ந்து பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுப்பிவிடுவார்கள். இன்னொன்று எனக்கு இன்றைக்கும் பிடித்த காட்சி. கண்டக்டர் பின்னால் தன் இருக்கையிலேயே இருப்பார். கூட்டத்தில் முன்னால் நிற்கிறவர் ஐம்பது ரூபாயை நீட்டி "வடபழனி ஒண்ணு" என்பார். அந்த நோட்டு ஏழெட்டுக் கை மாறிப் பின்னால் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். யாரும் யாருக்கும் நன்றி சொல்ல மாட்டார்கள். உங்கள் தோளைத் தட்டி ஒருவர் காசை நீட்டினால் திகைக்காதீர்கள், வாங்கி அடுத்தவரிடம் கொடுங்கள்.

காகித வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் பொதுவாக வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். விண்ணப்பம் இணையத்திலேயே செய்யலாம். நீங்கள் தங்குவதை வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதை வீடு பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். சிலர் தயங்குவார்கள். மனம் நோகும்தான், ஆனால் மறைத்துக் குடியேறினால் பின்னால் அவருக்கும் சிக்கல். மீன், இறைச்சி சமைப்பதையும் அப்படியே முன்கூட்டிச் சொல்லுங்கள். சைவம் சமைப்பவர்களுக்கு மட்டும்தான் வீடு என்பவர்கள் இங்கே நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் ஒளித்து மீன் பொரிப்பதைவிட வேறு வீடு பார்ப்பது மேல்.

மீன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: அறக்குளா இங்கே வஞ்சிரம், கணவாய் கடம்பா. காசிமேட்டுக்கு விடியலில் போங்கள். ஆனால் விற்கும் அக்காமாரை கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அது அவர்கள் வேலை நேரம். ஒரு கிலோ வாங்கிவிட்டு, "இதை எப்படிக்கா குழம்பு வைப்பீங்க?" என்று கேட்டால் புளி எவ்வளவு, மாங்காய் எப்போது போடுவது என்பது வரை சொல்வார்கள்.

உங்கள் பேச்சைக் கேட்டதும் ஆட்டோ அண்ணன் கண்ணாடியில் பார்த்து "சிலோனா சார்?" என்பார். அப்புறம் 2009 பற்றிக் கேட்பார். சில கேள்விகள் குத்தும். "உங்களுக்கு என்ன தெரியும்" என்று வெட்டிவிடாதீர்கள். நமக்காக இந்த ஊரில் தெருவில் இறங்கி அழுதவர்கள் உண்டு. பேச முடியாத நாளில் "இன்னொரு நாள் சொல்றேன் அண்ணா" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். அவர் ஊர் எது என்று நீங்களும் கேளுங்கள். பல பேர் வந்தவாசியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ பிழைக்க வந்தவர்கள். ஊரை விட்டு வந்த கதை அவர்களிடமும் இருக்கும்.

கடைசியாக மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊரில் பெய்யும் அதே வடகிழக்குப் பருவமழைதான் இங்கும். ஆனால் இங்கே தண்ணீர் போக இடமில்லாத தெருக்கள் உண்டு. தரைத்தள வீடு பார்க்கப் போனால், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள். முகலிவாக்கத்தில் ஒரு வீட்டுக்கு முன்னால் நான் கேட்டபோது, அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு உள்ளங்கையைப் பதித்துக் காட்டினார். பிறகு எதிர்வீட்டு மாடியைக் காட்டி, "நாங்க எல்லாரும் மூணு நாள் அங்கதான் இருந்தோம், அவங்கதான் சோறு போட்டாங்க" என்றார்.